மணக்கும் ஊதும் மறைக்கும் நாவும்

 

நாலந்தாவிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அவ்வாறே ஆகட்டும். அவர் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். முதலாவது வீட்டுக்குள் நடந்தது. இரண்டாவது வீட்டுக்குள் வரும் சம்பளத்தைப் பற்றியது. இரண்டுமே ஊது எண்ணெயைச் சுற்றி நிற்பதால் இம்மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

சகோதரியின் நானா கட்டாரில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு ஊர் வந்திருக்கிறார். தங்கையின் மாமியாருக்கு மரியாதையாகக் கால் தோலா 'ஹிந்தி ஊது' வாங்கி வந்திருக்கிறார். அதே வாரத்தில் கணவரின் தங்கை உம்றாவிலிருந்து திரும்பி, 'கம்போடி ஊது' என்று ஒரு சிறு போத்தலைத் தன் உம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். மாமி இரண்டையும் திறந்து முகர்ந்திருக்கிறார். மகள் கொண்டுவந்தது தேன்போல் இனித்திருக்கிறது. நானா கொண்டுவந்தது மாட்டுப் பட்டிபோல் அடித்திருக்கிறது. "கெட்டுப்போன எண்ணெயை மலிவு விலைக்கு வாங்கி வந்து என் தலையில் கட்டிவிட்டான்" என்று மாமி நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். அந்தச் சொல் நானாவின் காதுக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் தங்கையின் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இரண்டாவது: சகோதரியின் கணவர் மாத்தளை - தம்புள்ளைப் பாதையிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில், உல்லாசப் பிரயாணிகளுக்கு மரம் செடிகளைக் காட்டி விளக்கம் சொல்லும் வேலை செய்கிறார். அங்கே விற்கும் சிறு போத்தல்களில் ஒன்றின் மேல் 'சுத்தமான ஊது' என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது கலவை என்பது அவருக்குத் தெரியும். அரபு நாட்டுப் பிரயாணிகள் வந்தால், "இது எங்கள் தோட்டத்து மரத்தில் எடுத்தது, ஏழு நோய்க்கு மருந்து என்று ஹதீஸிலேயே வந்திருக்கிறது" என்று சொல்லும்படி முதலாளி கற்றுக்கொடுத்திருக்கிறார். "மௌலவி, அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிறேன். இது ஹலாலா?" என்று கேட்கிறார் சகோதரி.

சகோதரிகளே! இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கு ஈமான் வேண்டும். கணவர் கொண்டுவரும் காசு எப்படி வருகிறது என்று கேட்காமலே செலவழிப்பவர்கள் எத்தனை பேர்! ஆகவே நிதானமாகப் பார்ப்போம். முதலில் ஊது என்றால் என்ன, ஏன் ஒன்று தேனாகவும் மற்றொன்று பட்டியாகவும் மணக்கிறது என்பதை அறிந்துகொண்டால், இரு கேள்விகளுக்கும் வழி திறக்கும்.

காயத்தில் பிறக்கும் வாசனை

அரபியில் 'ஊத்' என்றால் மரக்கட்டை, குச்சி என்று பொருள். வாசனைக் கட்டைகளில் தலையாயதற்கு அதுவே பெயராகிவிட்டது. தமிழில் நாம் அகில் என்றும் அகர் என்றும் சொல்வோம். அன்றாடம் சொல்லும் 'ஊதுபத்தி'யில் உள்ள ஊது இந்த அரபுச் சொல்தான் என்பது அகராதி தொகுத்தவர்களின் கருத்து. சங்க காலத்துத் தமிழ்ப் பெண்கள் அகிற்புகையில் கூந்தல் உலர்த்தியதைப் பழைய நூல்கள் பேசுகின்றன. ஆக, இந்த வாசனை நமக்கு நேற்று வளைகுடாவிலிருந்து வந்ததன்று.

அஸ்ஸாமிலிருந்து பப்புவாவரை வளரும் அக்குலேரியா, ஜைரினொப்ஸ் என்ற இரு மர இனங்களில் இது உண்டாகிறது. இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. ஆரோக்கியமாக நிற்கும் மரத்தை வெட்டினால் வெளுத்த, எடை குறைந்த, சொல்லும்படியான வாசனை எதுவுமில்லாத கட்டைதான் கிடைக்கும். அந்த மரத்தைப் பூச்சி துளைக்க வேண்டும், அல்லது கிளை முறிய வேண்டும், காயத்தின் வழியே பூஞ்சணம் உள்ளே போக வேண்டும். அப்போது மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருநிறப் பிசின் ஒன்றைச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தப் பிசின் ஊறிய பகுதிதான் ஊது. காயம் படாத மரத்தில் ஊது இல்லை. சோதனை வந்த வீடுகளிலுள்ள சகோதரிகளுக்கு இதற்குமேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டையைத் தணலில் இட்டால் புகை. நீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடித்தால் எண்ணெய். மாத்தளைப் பக்கத்துச் சகோதரிகளுக்குக் கறுவா இலை எண்ணெய் காய்ச்சுவது தெரிந்திருக்கும். முறை ஏறக்குறைய அதேதான். ஆனால் ஊதுக்குப் பல நாட்கள் அடுப்பு எரிய வேண்டும். அவ்வளவு எரித்தும் கிடைப்பது கொஞ்சமே. விலை ஏன் தோலாக் கணக்கில் பேசப்படுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஒரு தோலா என்பது சுமார் 11.66 கிராம். கடையில் கால் தோலா என்று தருவது ஏறக்குறைய 3 மில்லிலீற்றர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புகையின் வாசனையும் எண்ணெயின் வாசனையும் ஒன்றாக இருப்பதில்லை. பிசினிலுள்ள சில பொருட்கள் நீராவியோடு எளிதில் வருவதில்லை. தணலின் சூட்டில்தான் அவை உடைந்து இனிய மணமாக எழும்பும். "புகை நன்றாக இருக்கிறது, எண்ணெய் அப்படி இல்லையே, ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஊராக ஊது

ஒரே இன மரமானாலும் மண், மழை, பூஞ்சணம், காய்ச்சும் கை என்பவற்றால் எண்ணெயின் குணம் மாறுகிறது. கடைகளில் சொல்லப்படும் பெயர்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஹிந்தி: அஸ்ஸாமிலும் அதை அடுத்த சில்ஹெட் பகுதியிலும் காய்ச்சப்படுவது. அஸ்ஸாமில் ஹோஜாய் என்ற ஊர் இதற்குப் பேர்போனது; அங்கே இந்த வணிகத்தில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களே இருக்கின்றன. இங்கே கட்டையைச் சிறு சில்லுகளாக்கி நீரில் நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். அந்த ஊறலில் கட்டை புளிக்கிறது. அதனால்தான் போத்தலைத் திறந்ததும் பதனிட்ட தோல், ஈர வைக்கோல், மாட்டுப் பட்டி என்றெல்லாம் நினைவூட்டும் ஒரு வாடை முன்னால் வந்து நிற்கிறது. அரை மணி நேரம் பொறுத்தால் அந்த வாடை பின்வாங்கி, மசாலாவும் உலர்ந்த மரமும் கலந்த ஆழ்ந்த மணம் எழும். துணியில் பட்டால் மறுநாளும் போகாது. வளைகுடாவிலுள்ள முதிய அரபிகள் பலர் விரும்பித் தேடுவது இந்தப் பட்டி வாடையைத்தான்!

கம்போடி: திறந்தவுடனே சிரித்துக்கொண்டு வருவது. பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, கித்துள் பாணி என்பவற்றின் சாயல் இதில் இருக்கும். முதன்முதல் ஊது முகர்பவர்களுக்கு இதுவே பிடிக்கும். ஆனால் இன்று கம்போடி என்பது பெரும்பாலும் வாசனை வகையின் பெயராகிவிட்டது. அந்நாட்டுக் காட்டு மரங்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயின. கம்போடி என்று விற்கப்படுவதில் நிறைய தாய்லாந்துத் தோட்டங்களில் வளர்ந்த அக்குலேரியா கிராஸ்னா மரத்தினுடையது. அது குற்றமில்லை, எங்கே எடுத்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மலேசியா, போர்னியோ: வாடை குறைந்த, தெளிந்த மர மணம். போர்னியோ எண்ணெயில் வனிலாவின் மெல்லிய இனிமையும் ஒரு குளிர்ச்சியும் உண்டு. வீட்டில் தலைவலிக்காரர் இருந்தால் இது பொருந்தும்.

பப்புவா: இது ஜைரினொப்ஸ் இனத்தைச் சேர்ந்தது. மழை பெய்து ஓய்ந்த காட்டுக்குள் நுழைந்ததுபோலப் பச்சிலையும் மண்ணும் மணக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், அதாவது 1344-இல், இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் புத்தளக் கரையில் இறங்கினார்கள். இலங்கைக் கரையில் கறுவாவும் ஊது கட்டையும் கிடைப்பதைத் தம் பயண நூலில் குறிப்பிட்டு, ஆனாலும் இங்குள்ள ஊது வாசனையில் கமாரீ, காகுலீ வகைகளுக்கு ஈடாகாது என்றும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். கமாரீ என்பது கெமர் நாடான கம்போடியாவைக் குறிக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பாருங்கள், நாலந்தாவில் மாமி இரண்டு போத்தலைத் திறந்து ஒப்பிட்ட காரியத்தை இப்னு பதூதா ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள்!

இலங்கையின் ஊது மரம் வல்லப்பட்டை எனப்படுவது. நம் ஈரவலயத்து மரம் அது. அதன் பட்டையில் நார் உரித்துக் கயிறு திரித்தவர்கள் நம் கிராமத்தவர்கள். உள்ளே இருக்கும் பிசினின் விலையை அவர்கள் அறியவில்லை. 2012 அளவில் அது வெளியே தெரிந்ததும் கடத்தல் தொடங்கிவிட்டது. 2013-இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வல்லப்பட்டையின் பிசினைச் சோதித்து, உலகச் சந்தையில் விற்கும் அகரோடு அது ஒத்துப்போவதாக வெளியிட்டார்கள். அதன் எண்ணெயை முகர்ந்தவர்கள் கம்போடியை நினைவூட்டும் பழ இனிமையைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் சகோதரிகளே, கவனம். காட்டில் நிற்கும் வல்லப்பட்டையை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் சட்டப்படி குற்றம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பைக்குள் வல்லப்பட்டையோடு எத்தனையோ பேர் சுங்கத்தினரிடம் பிடிபட்டிருக்கிறார்கள். பிசின் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பச்சை மரங்களைக் கண்மூடி வெட்டிச் சாய்த்தவர்கள் உண்டு. காயம் படாத மரத்தில் ஊது இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியானால் பயனில்லாமல் சாய்க்கப்பட்ட மரங்கள் எத்தனை! "வெளிநாட்டுக்கு ஒரு பொதி கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்" என்று உங்கள் பிள்ளைகளிடம் யாராவது ஆசை காட்டினால், வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உலக அளவிலும் கட்டுப்பாடு உண்டு. அஸ்ஸாம், மலாயா மரமான அக்குலேரியா மலாக்கென்சிஸ் 1995 முதலும், இந்த இரு இனங்களின் எல்லா மரங்களும் 2005 முதலும் சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கீழ் பாதுகாக்கப்படுகின்றன. அந்த ஒப்பந்தத்தின்படி ஒருவர் சொந்தப் பாவனைக்காக 1 கிலோ கட்டைச் சில்லும் 24 மில்லிலீற்றர் எண்ணெயும் வரை அனுமதிப் பத்திரமின்றிக் கொண்டுசெல்லலாம். சில நாடுகளின் சொந்தச் சட்டம் இதைவிட இறுக்கமாக இருக்கும். உம்றாவுக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்து வாங்குங்கள்.

மாமியிடம் சொல்ல வேண்டியது

முதல் கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது. நானா கொண்டுவந்த எண்ணெயில் பட்டி வாடை அடித்தது என்பதால் அது கெட்டுப்போனது என்றாகாது. ஹிந்தி ஊதின் சுபாவமே அது. அது அசலா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த வாடையே மலிவுக்குச் சாட்சி என்று சொல்வது தவறு.

இரண்டையும் சரியாக ஒப்பிட வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். போத்தல் வாயில் மூக்கை வைத்து முகராதீர்கள். தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு எடுத்து ஒரு மணிக்கட்டில் ஹிந்தியும் மறு மணிக்கட்டில் கம்போடியும் வையுங்கள். தேய்க்க வேண்டாம். வைத்தவுடன் ஒருமுறை, அரை மணிக்குப் பின் ஒருமுறை, லுஹருக்கு வைத்தால் மஃரிபுக்கு ஒருமுறை முகருங்கள். பழைய வெள்ளைத் துணித் துண்டிலும் ஒரு பொட்டு வைத்து மறுநாள் சுபஹுக்குப் பின் பாருங்கள். காலையில் தேனாக இருந்தது மாலையில் மங்கிப்போயிருக்கலாம். காலையில் முகம் சுளிக்க வைத்தது மாலையில் வீட்டையே நிறைத்திருக்கலாம். மனிதர்களும் அப்படித்தான். முதல் நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் எவ்வளவோ இழந்துபோவோம்.

பனிப்பெட்டியில் வைத்தால் உறைய வேண்டும், காகிதத்தில் எண்ணெய்க் கறை விழக்கூடாது, கட்டை நீரில் மூழ்க வேண்டும் என்றெல்லாம் சோதனைகள் சொல்வார்கள். இவற்றில் ஒன்றும் உறுதியானதல்ல. வெறும் கட்டைக்குக் கருநிறமேற்றி, வாசனை எண்ணெய் ஊட்டி ஊது என்று விற்பதும் உலகெங்கும் நடக்கிறது. ஆய்வுகூடத்தில் கருவிகொண்டு பிரித்துப் பார்த்தால்தான் கலப்படம் தெளிவாகத் தெரியும். ஆகவே சாதாரண மக்களாகிய நாம் நம்பியிருப்பது விற்பவரின் நாவைத்தான். இதை மறந்துவிடாதீர்கள், இரண்டாவது கேள்விக்கு இது தேவைப்படும்.

அதற்கு முன் மாமிக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை மருமகளே அவருக்கு வாசித்துக் காட்டட்டும். வாசனைப் பொருளை யாராவது கொடுத்தால் நபி (ஸல்) அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் வந்திருக்கிறது. நறுமணப் பொருள் கொடுக்கப்பட்டால் மறுக்க வேண்டாம், அது சுமப்பதற்கு இலேசானது, வாசனையில் நல்லது என்ற கருத்துப்பட முஸ்லிமிலும் வந்திருக்கிறது. மணம் நமக்குப் பிடிக்காமல் போகலாம். அது மூக்கின் விஷயம். கொண்டுவந்தவனின் மனம் வேறு விஷயம். வெயிலில் உழைத்த காசில் தங்கையின் மாமியாரை நினைத்து வாங்கியிருக்கிறார் ஒரு பிள்ளை. நாலு பேர் முன்னிலையில் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னிலையிலேயே திருப்பி எடுத்துவிட்டால் மாமியின் கண்ணியம் கூடும், குறையாது. ஒரு நாள் நானாவைச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். அவர் வரும்போது அவர் தந்த ஊதையே மாமி பூசிக்கொண்டிருக்கட்டும். வேறு சமாதானப் பேச்சே தேவைப்படாது, இன்ஷா அல்லாஹ்.

ஏழு நோய்க்கு மருந்தா?

இனி இரண்டாவது கேள்வி. அதில் இரண்டு பொய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஹதீஸின் பேரால் சொல்லப்படுவதை முதலில் பிரித்தெடுப்போம்.

'அல் ஊதுல் ஹிந்தி'யில் ஏழு நிவாரணங்கள் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அருளியதை உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அது ஸஹீஹான ஹதீஸ்தான். ஆனால் அங்கே சொல்லப்படும் 'இந்தியக் கட்டை' நாம் பேசிக்கொண்டிருக்கும் ஊது அல்ல. அது 'குஸ்த்' என்ற வேர். அறிவிப்பிலேயே அந்த விளக்கம் இருக்கிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தலைப்பில் குஸ்த் என்றே குறிப்பிடுகிறார்கள். இமயமலைப் பக்கத்தில் விளையும் அந்த வேரை நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்பார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஊது எண்ணெய்ப் போத்தலின் மேல் அந்த ஹதீஸை ஒட்டி விற்பவர், அறியாமல் செய்தால் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அறிந்தே செய்தால், நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் காசாக்குகிறார். அது எவ்வளவு பாரதூரமானது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஊதுக்கு அதற்குரிய சிறப்பு ஸுன்னாவில் இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஊது கட்டையைக் கலப்பில்லாமல் புகைப்பார்கள். சில வேளை அதோடு கற்பூரம் சேர்ப்பார்கள். நபி (ஸல்) அவர்களும் இப்படியே செய்தார்கள் என்பார்கள். இது முஸ்லிமில் இருக்கிறது. சுவர்க்கவாசிகளின் தூபக் கலசங்களில் இருப்பது ஊது என்று புகாரியில் வந்திருக்கிறது. இவ்வளவு உண்மையான சிறப்பு இருக்கும்போது பொய்யான சிறப்பைத் தேடி ஏன் ஒட்ட வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் கற்பூரம் கலந்து புகைத்தார்கள். ஆக, வாசனைகளைக் கலப்பது குற்றமில்லை. கலந்ததைக் கலக்காதது என்று சொல்வதுதான் குற்றம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் நாம் அறிந்த செய்தியே. நனைந்த தானியத்தை விற்காதே என்று சொல்லப்படவில்லை. ஈரத்தை மறைக்காதே என்றுதான் சொல்லப்பட்டது. ஊதிலும் அவ்வளவுதான். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

கணவரிடம் சொல்ல வேண்டியது

சகோதரியே! உங்கள் கணவரின் சம்பளம் முழுவதும் ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். மிளகுக் கொடியையும் சாதிக்காயையும் கொக்கோவையும் காட்டி விளக்கம் சொல்வது ஹலாலான உழைப்பு. பொய் சொல்லி விற்றுக்கொடுக்கும் பகுதி ஹராமானது. அதற்காகத் தனியே தரகு கிடைத்தால் அந்தக் காசு வீட்டுக்குள் வரக்கூடாது. நாம் சற்று முன் பார்த்தபடி, வாங்குபவருக்கு ஊதைச் சோதித்தறிய வழியில்லை. ஒரு முஸ்லிம் ஸலாம் சொல்லி, ஹதீஸ் சொல்லிக் கொடுப்பதால்தான் அந்த அரபிச் சகோதரர் பணத்தை எடுக்கிறார். பொருளின் விலையோடு உங்கள் கணவரின் தீனையும் சேர்த்தல்லவா அங்கே விற்கிறார்கள்!

உடனே வேலையை எறிந்துவிட்டு வாருங்கள் என்று வீட்டில் சண்டை பிடிக்க வேண்டாம். பிள்ளைகள் உறங்கிய பின் ஆறுதலாகப் பேசுங்கள். முதலாளியிடம் அவர் சொல்லட்டும்: "ஊது வாசனைக் கலவை என்று ஒட்டுவோம். விலையைக் கொஞ்சம் குறைப்போம். நம் தோட்டத்துக் கறுவா எண்ணெயும் சாதிக்காய் எண்ணெயும் அசலாக இருக்கின்றன, அவற்றை முன்னால் வைப்போம்." மாத்தளை மண்ணுக்கு இறைவன் கொடுத்திருக்கும் வாசனைகள் குறைவா என்ன? ஈரவலயத்து வல்லப்பட்டையை நாலந்தாவின் காய்ந்த மண்ணில் எடுத்ததாகச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? விவரம் தெரிந்த பிரயாணி ஒருவர் சிரித்துவிட்டால் தோட்டத்தின் பேரே கெட்டுவிடும் என்பதையும் சொல்லட்டும்.

முதலாளி இணங்காவிட்டால், அந்த ஒரு போத்தலை விற்கும் பொறுப்பிலிருந்து தன்னை விலக்கும்படி கேட்கட்டும். அதுவும் முடியாவிட்டால் வேறு வேலை தேடத் தொடங்கட்டும். கிடைக்கும்வரை பொய்யைத் தன் நாவால் சொல்லாமல் இருக்கட்டும். யாராவது நேருக்கு நேர் "இது சுத்தமானதா?" என்று கேட்டால், "கலவை" என்ற ஒரு சொல் போதும். வருமானம் சில மாதங்களுக்குக் குறையலாம். அப்போது முகம் சுளிக்காமல் குடும்பத்தைச் சமாளிப்பதுதான் நீங்கள் அவருக்குச் செய்யும் பெரிய உதவி. ஹலாலைக் கேட்ட மனைவி, ஹலால் குறைவாக வரும்போது முறையிட்டால் கணவர் எங்கே போவார்?

வாசனை பூசும் சகோதரிகளுக்கு

ஊதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பாவிக்கும் ஒழுங்கைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நிறைவுறாது.

வீட்டுக்குள், கணவருக்காகவும் பெண்கள் மத்தியிலும், தாராளமாக வாசனை பூசுங்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த மிக நல்ல வாசனையை நபி (ஸல்) அவர்களுக்குத் தாமே பூசிவிடுவார்கள்; அதன் மினுமினுப்பு அவர்களின் தலையிலும் தாடியிலும் தெரியும். கணவர் ஜும்ஆவுக்குப் புறப்படும்போது சட்டைக் கழுத்தில் ஒரு பொட்டு ஊதைத் தொட்டுவிடுவதற்கு எத்தனை நிமிடம் ஆகும்?

வெளியே புறப்படும்போது அந்நிய ஆண்கள் உணரும்படி வாசனை பூசிச் செல்வதைப் பெண்களுக்கு மார்க்கம் தடுத்திருக்கிறது. ஊது எண்ணெய் மணிக்கணக்கில் நிற்கக்கூடியது என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். காலையில் பூசியது மாலையில் பஸ்ஸில் மணக்கும். இஹ்ராம் கட்டிய பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாசனை கூடாது. இத்தாவிலிருக்கும் விதவைச் சகோதரி வாசனையைத் தவிர்க்க வேண்டும். நோன்பு நேரத்தில் வாசனை முகர்வதால் நோன்பு முறியாது. ஆயினும் பகலில் அதைத் தவிர்ப்பது ஏற்றம் என்று நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் சொல்கின்றன.

புகை போடும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள். கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இருக்கும் அறையில் புகை வேண்டாம். எந்தக் கட்டையின் புகையானாலும் நெஞ்சுக்குப் புகைதான். ஸுன்னாவைப் பேணுகிறோம் என்று உம்மும்மாவுக்கு இரவெல்லாம் இழுப்பு வரவைப்பது ஸுன்னாவல்ல.

வாங்குவதிலும் அளவு வேண்டும். திருமண வீட்டில் பெருமைக்காகக் கடன்பட்டு ஊது வாங்கும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. நூறு ரூபாய் அத்தரும் வாசனைதான். கஸ்தூரி வைத்திருப்பவரோடு இருப்பவருக்கு, வாங்காவிட்டாலும் நறுமணமாவது கிடைக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் நல்ல நண்பருக்கு உவமை சொன்னார்கள். கஸ்தூரி வாங்க வசதியில்லாதவரும் நல்ல நண்பராக இருக்கலாம். அதற்குத் தோலாக் கணக்கில் விலை இல்லை.

வல்ல நாயன் நம் வீடுகளை ஹலாலான உணவாலும், நம் நாவுகளை உண்மையாலும் மணக்கச் செய்வானாக! முறிந்த உறவுகளை ஒட்டவைப்பானாக! நாலந்தாச் சகோதரியின் கணவருக்கு இதைவிட நல்ல தொழிலை அவன் எழுதிவைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.